டிடெக்டரை அணைத்துத்தான் வைத்திருந்தேன், அதற்கும் டிக்கெட்டா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் எச்-1பி விசாவில் வேலை செய்கிறார். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. போன மாதம் மனைவி, இரண்டு குழந்தைகளோடு வட கரோலினாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஐ-95 நெடுஞ்சாலை வழியாகக் காரில் போயிருக்கிறார். வண்டியில் ரேடார் டிடெக்டர், அதாவது வேகம் அளக்கும் போலீஸ் ரேடாரின் அலையைப் பிடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி, இருந்தது. வர்ஜீனியாவில் அதற்குத் தடை என்று நண்பர் சொல்லியிருந்ததால், எல்லையைத் தாண்டியதும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கருவியை இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பிடிப்பானையும், சாக்கெட்டில் தொங்கிய ஒயரையும் எடுக்கவில்லை. பீட்டர்ஸ்பர்குக்குத் தெற்கே, 70 மைல் வரம்புள்ள இடத்தில் 83 மைலில் போனதாகச் சொல்லி ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்காரர்) நிறுத்தினார். பிடிப்பானைப் பார்த்து, "டிடெக்டர் இருக்கிறதா?" என்று கேட்டார். இவர் எடுத்துக் காட்டினார். வேகத்துக்கு ஒரு சம்மன், டிடெக்டருக்கு ஒரு சம்மன். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வாசகரின் கேள்விகள் இவை. அணைத்து வைத்திருந்த பொருளுக்கு எப்படி டிக்கெட் கொடுக்கலாம்? கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே, அது எப்படிச் சட்டவிரோதம்? பணத்தைக் கட்டிவிடலாமா, கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? கிரீன் கார்டுக்கு ஆபத்து உண்டா? "போலீஸால் கண்டுபிடிக்கவே முடியாத" 700 டாலர் மாடல் ஒன்றை நண்பர் சிபாரிசு செய்கிறார், வாங்கலாமா? கடைசியாக, ஆகஸ்டில் டொராண்டோவில் உறவினர் கல்யாணம், அங்கே எடுத்துப் போகலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை டிடெக்டரைப் பற்றியவை. கடிதத்தைப் படித்தபோது என்னைக் கவலைப்பட வைத்தது 83 என்ற எண். அதனால் அதையே முதலில் பேசிவிடுகிறேன்.

வர்ஜீனியாவில் வரம்பை விட 20 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் அது சாதாரண ஸ்பீடிங் இல்லை, 'ரெக்லெஸ் டிரைவிங்', அதாவது பொறுப்பில்லாமல் ஓட்டிய குற்றம். அதோடு, வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலே அதே குற்றம்தான். முன்பு இந்தக் கோடு 80-ல் இருந்தது, 2020 ஜூலையில்தான் 85 ஆக்கினார்கள். உங்கள் சாலையில் வரம்பு 70. நீங்கள் 86-ல் போயிருந்தால், வரம்பை விட 16 மைல்தான் அதிகம் என்றாலும் ரெக்லெஸ் ஆகியிருக்கும். உங்களுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் மூன்று மைல் வேகம்தான் இருந்தது. இறக்கத்தில் ஒரு லாரியைத் தாண்டும்போது நமக்கே தெரியாமல் ஏறிவிடுகிற வேகம் அது.

ரெக்லெஸ் என்பது 'கிளாஸ் 1 மிஸ்டிமீனர்' என்ற வகைக் குற்றம். சட்டப்படி 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை லைசென்ஸ் முடக்கம். வேகத்துக்காக மட்டும் பிடிபட்ட முதல்முறைக்காரர்களைச் சிறைக்கு அனுப்புவது அரிது. ஆனால் தண்டனை சின்னதாக முடிந்தாலும் அது குற்றத் தீர்ப்பாகப் பதிவாகும். விசா விண்ணப்பம், கிரீன் கார்டு விண்ணப்பம், பிற்பாடு குடியுரிமை விண்ணப்பம் என்று அந்தக் கேள்வி வரும் இடத்திலெல்லாம் நீங்கள் அதை எழுத வேண்டியிருக்கும். கோர்ட் வராந்தாவில் நம்மவர்கள் பலரைப் பார்க்கிறேன். வேறு மாநில லைசென்ஸோடு, "வேகமாப் போனதுக்கு ஃபைன், அவ்வளவுதானே" என்று வந்து நிற்பார்கள். கையில் இருக்கும் தாள் குற்றவியல் சம்மன் என்று அங்கேதான் தெரியவரும். நீங்கள் அந்த இடத்துக்கு வரவில்லை. அது அதிர்ஷ்டம்தான், டிடெக்டருக்கு அதில் பங்கு இல்லை.

அணைத்திருந்தால் போதாது

வர்ஜீனியாவின் சட்டப் பிரிவு 46.2-1079 சொல்வது இது: ரேடார், லேசர் போன்ற வேகம் அளக்கும் கருவிகளைக் கண்டறியும் சாதனம் பொருத்திய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. சாதனம் வண்டியில் இருப்பதே முதல்நோக்கில் போதுமான சாட்சி. அது வேலை செய்ததா, இயங்கிக்கொண்டிருந்ததா என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. "ஆஃப் பண்ணியிருந்தேனே" என்ற உங்கள் வாதத்துக்கு அந்தப் பிரிவிலேயே பதில் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஒரு விலக்கும் அதில் இருக்கிறது. சாதனத்துக்கு மின்சாரம் வரும் வழி இருக்கக் கூடாது. அதோடு, ஓட்டுநரோ வண்டியில் இருக்கும் வேறு யாருமோ கையை நீட்டி எடுத்துப் பயன்படுத்தும்படியும் இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஒயரைப் பிடுங்கியதால் முதல் பாதியை வாதிடலாம், அதுவும் ஒயர் சாக்கெட்டிலேயே தொங்கியது என்பதால் பலவீனமான வாதம். இரண்டாம் பாதியில் உங்கள் முழங்கைக்குப் பக்கத்துப் பெட்டி நிச்சயம் தோற்கும். கிளவ் பாக்ஸும் அப்படித்தான். ஒயர், பிடிப்பான் எல்லாவற்றையும் கழற்றி டிக்கியில் ஒரு பைக்குள் போட்டிருந்தால் கதை வேறு.

கடையில் விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். காற்றில் வரும் ரேடியோ அலையை வெறுமனே கேட்பதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. அதனால் சொந்தக் காரில் டிடெக்டர் வைத்துக்கொள்ள நாடு முழுவதற்குமான தடை இல்லை. தடை போட்டிருப்பவை வர்ஜீனியாவும் வாஷிங்டன் டிசியும். ராணுவ வளாகங்களுக்குள்ளும் கூடாது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களில் மத்திய விதிப்படியே கூடாது, எந்த மாநிலச் சாலையானாலும் சரி. உங்கள் லைசென்ஸ் எந்த ஊருடையது, கருவியை எங்கே வாங்கினீர்கள் என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. சக்கரம் எந்த மண்ணில் ஓடுகிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான்.

உங்கள் வழியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐ-95 பொட்டோமாக் ஆற்றைத் தாண்டும் உட்ரோ வில்சன் பாலத்தின் ஒரு சிறு பகுதி டிசி எல்லைக்குள் வருகிறது. அதனால் வர்ஜீனியா பலகையைப் பார்த்த பிறகு கழற்றலாம் என்று இருக்காதீர்கள். மேரிலாந்திலேயே ஓய்வு நிலையத்தில் காபி குடிக்க நிற்கும்போது டிக்கிக்கு மாற்றிவிடுங்கள். ஓடும் வண்டியில் ஒரு கையால் கழற்றுவதை விட அது எவ்வளவோ மேல்.

இரண்டு சம்மன்களை என்ன செய்வது

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சம்மனில் கையெழுத்துப் போட்டதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிட்டதோ என்று பயந்திருக்கிறீர்கள். இல்லை. குறிப்பிட்ட தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழிதான் அது. ஆனால் இணையத்தில் பணம் கட்டுவது ஒப்புதல்தான். கட்டிவிட்டால் குற்றவாளி என்றே பதிவாகும்.

டிடெக்டர் சம்மன் சாதாரணப் போக்குவரத்து மீறல். அபராதம் சிறியது, ஓட்டுநர் பதிவில் ஏறும் குற்றப் புள்ளியான 'பாயின்ட்' கிடையாது, இன்ஷூரன்ஸுக்கும் அதனால் பெரிய பாதிப்பு வராது. அதை எதிர்த்து நிற்பதில் லாபம் குறைவு என்பது என் கருத்து.

வேக சம்மன் அப்படி இல்லை. வரம்பை விட 10 முதல் 19 மைல் அதிகம் என்றால் வர்ஜீனியா கணக்கில் நான்கு பாயின்ட், பதிவு ஐந்து ஆண்டுகள் நிற்கும். உங்கள் லைசென்ஸ் நியூ ஜெர்சியுடையது. வெளிமாநில மீறலுக்கு நியூ ஜெர்சி தன் கணக்கில் இரண்டு பாயின்ட் போடும். இன்ஷூரன்ஸ் தொகை ஏறினால், மூன்று வருஷத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது அபராதத்தை விடப் பல மடங்காகலாம். அதனால் இந்த ஒன்றுக்காகக் கோர்ட்டுக்குப் போவது, அல்லது அந்தக் கவுண்டியில் வழக்கமாக ஆஜராகும் வக்கீலை அனுப்புவது பயனுள்ளது. இப்படிப்பட்ட வழக்கில் பெரும்பாலும் நீங்கள் நேரில் வராமலே வக்கீல் முடித்துத் தர முடியும். நியூ ஜெர்சியிலிருந்து ஆறேழு மணி நேரம் ஓட்டி வருவதோடு ஒப்பிட்டு, அவர் கேட்கும் கட்டணத்தை நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

போவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் காரின் ஸ்பீடோமீட்டரை ஒரு கடையில் சோதித்துச் சான்றிதழ் வாங்குங்கள். உங்கள் மீட்டர் குறைத்துக் காட்டியிருந்தால் ஜட்ஜ் அதைக் கணக்கில் எடுக்கச் சட்டமே இடம் தருகிறது. எட்டு மணி நேர டிரைவிங் வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழோடு வாருங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் முதல்முறை மாட்டியவர் தானாக முன்வந்து முடித்திருந்தால் பல ஜட்ஜுகள் வேகத்தைக் குறைத்துத் தீர்ப்புச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். நியூ ஜெர்சி ஓட்டுநர் பதிவையும் எடுத்துக்கொள்ளுங்கள், சுத்தமாக இருந்தால் அதுவே பாதி வேலை. ட்ரூப்பரின் கருவி கடந்த ஆறு மாதத்துக்குள் துல்லியம் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம். அந்தச் சான்றிதழைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெரும்பாலும் சரியாகத்தான் வைத்திருப்பார்கள், அதை மட்டும் நம்பி வராதீர்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் மேல் கோர்ட்டுக்குப் போகலாம், அங்கே வழக்கு முதலிலிருந்து புதிதாக நடக்கும்.

எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது மட்டும் கூடாது. "அடுத்த மாநிலம்தானே, என்ன செய்வார்கள்" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்லாத வெளிமாநிலச் சம்மன்களுக்காகச் சொந்த மாநிலமே லைசென்ஸை நிறுத்திவைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. நியூ ஜெர்சியும் வர்ஜீனியாவும் அதில் இருக்கின்றன.

கிரீன் கார்டு விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். போக்குவரத்து மீறல்கள் குற்றவியல் தன்மை உடையவை அல்ல என்று வர்ஜீனியாச் சட்டமே சொல்கிறது. உங்கள் இரண்டு சம்மன்களும் அந்த வகைதான், இவற்றால் விண்ணப்பம் கவிழாது. ஆனால் சம்மன் நகல்களையும் கோர்ட் முடிவையும் ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள், உங்கள் குடியேற்ற வக்கீலிடமும் சொல்லிவிடுங்கள். எந்த விண்ணப்பத்திலாவது 'டிக்கெட் வாங்கியதுண்டா' என்ற கேள்வி வந்தால் உண்மையை எழுதுங்கள். சின்ன டிக்கெட்டை மறைத்ததாகத் தெரியவந்தால், டிக்கெட்டை விட அந்தப் பொய்தான் உங்களை மாட்டிவிடும். ட்ரூப்பர் கேட்டபோது நீங்கள் எடுத்துக் காட்டியதையும் தவறென்று நினைக்காதீர்கள். பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருந்தது, பொய் சொல்ல இல்லை.

700 டாலர் மாடலைப் பற்றி

ஒயரைப் பிடுங்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனா என்று உங்கள் மனதில் ஓடுகிறது, வரிகளுக்கு இடையில் தெரிகிறது. உங்கள் சம்மனில் வேகம் லேசரால் அளக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது. அப்படியானால் தப்பித்திருக்க மாட்டீர்கள்.

காரணம் இது. ரேடார் அலை அகலமாகப் பரவும், சாலை, பாலம், முன்னால் போகும் லாரி எல்லாவற்றிலும் பட்டுச் சிதறும். உங்களுக்கு முன்னால் அரை மைல் தூரத்தில் வேறொருவரை அளக்கும்போதே அந்தச் சிதறலை நல்ல டிடெக்டர் பிடித்துவிடும். அதுதான் அதன் பலம். லேசர் கற்றையோ சுமார் 300 மீட்டர் தூரத்தில்கூட ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும். உங்கள் நம்பர் பிளேட்டையோ முன் விளக்கையோ குறிவைத்து அரை நொடியில் அளந்துவிடுவார்கள். டிடெக்டர் கத்தும்போது உங்கள் வேகம் அவர்கள் கையில் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறிப் பிரேக்கை மிதித்தால் பின்னால் வரும் வண்டிதான் இடிக்கும். ரேடாரிலும் இதுபோல ஒன்று உண்டு. கருவியை அணைத்தே வைத்திருந்து, உங்கள் வண்டி நெருங்கியதும் சட்டென்று போடுவார்கள். முன்னால் வேறு வண்டி இல்லாத ராத்திரிச் சாலையில் அதற்கும் முன்னெச்சரிக்கை கிடைக்காது. பின்னாலேயே அதே வேகத்தில் வந்து அளக்கும் போலீஸ் காருக்கு எந்த அலையும் தேவையில்லை.

"கண்டுபிடிக்க முடியாத" மாடல் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிடெக்டர் உள்ளே ஓர் அலையை உருவாக்கித்தான் வெளி அலையோடு ஒப்பிடுகிறது. அந்த உள் அலை கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவைப் பிடிக்கும் கருவிகள் போலீஸிடம் உண்டு. 2002-ல் இந்தக் கசிவு செயற்கைக்கோள் தொடர்பையே கெடுக்கிறது என்று மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அதற்கு வரம்பு விதித்தது. இப்போது சில மாடல்களில் கசிவை மிகவும் குறைத்திருக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் உங்கள் ட்ரூப்பர் எந்தக் கருவியும் இல்லாமல், கண்ணாடியில் ஒட்டியிருந்த பிடிப்பானைப் பார்த்தே கண்டுபிடித்தார். தடை உள்ள இடத்தில் மறைத்து ஓட்டுவதற்காக ஒரு பொருளை வாங்க நான் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

தடை இல்லாத மாநிலங்களில் பயன்படுத்த நல்ல கருவி வேண்டும் என்றால் அது வேறு விஷயம், அதில் தவறு இல்லை. விலை சுமார் 100 டாலரில் தொடங்கி 800 வரை போகிறது. மலிவானவற்றில் பெரும் தொல்லை பொய் எச்சரிக்கை. உங்களுடையது சூப்பர் மார்க்கெட்டைத் தாண்டும்போதெல்லாம் கத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். தானாகத் திறக்கும் கதவுகள் எக்ஸ், கே அலைவரிசைகளில் வேலை செய்பவை. அதே கே அலைவரிசையில்தான், 24 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில், பல கார்களின் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் இயங்குகிறது. பக்கத்து லேனில் அப்படி ஒரு கார் வந்தாலே போதும். போலீஸ் ரேடார் இப்போது பெரும்பாலும் கேஏ என்ற அலைவரிசையில், 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதனால் வாங்கும்போது கேஏ வரிசையில் தொலைதூர உணர்திறன், கார்களின் சென்சாரை வடிகட்டும் வசதி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் பொய்ச் சத்தத்தை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைத்து அடக்கும் வசதி, இந்த மூன்றையும் பாருங்கள். வேலன்டைன் ஒன், யூனிடன் ஆர்8 போன்றவற்றில் அலை முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா என்று அம்புக்குறி காட்டும். அதற்குத்தான் கூடுதல் விலை. மாதம் ஒருமுறை நெடுந்தூரம் போகிறவருக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பொருத்தும்போது, பார்வையை மறைக்காமல், சாலை நேராகத் தெரியும் இடத்தில் வையுங்கள். ஏர்பேக் திறக்கும் இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் டிடெக்டர் சட்டப்படி சரி, ஆனால் விண்ட்ஷீல்டில் எதையும் ஒட்ட இறுக்கமான விதி உண்டு. அங்கே டேஷ்போர்டில் வைப்பது நல்லது.

'ஜாமர்' பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். டிடெக்டர் கேட்கும், ஜாமர் குறுக்கிடும். ரேடார் ஜாமர் நாடு முழுவதும் மத்தியக் குற்றம். லேசர் ஜாமரை டெக்ஸஸ், கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் தடை செய்திருக்கின்றன.

வர்ஜீனியாவில் போகும்போது வேஸ் போன்ற வழிகாட்டும் ஆப் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வைத்துக்கொள்ளலாம். மற்ற ஓட்டுநர்கள் சொல்வதைத்தான் அது காட்டுகிறது, ரேடாரை உணர்வதில்லை. ஆனால் போனை ஸ்டாண்டில் மாட்டுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 2021 ஜனவரி முதல் முதல் தடவைக்கே 125 டாலர்.

டொராண்டோ கல்யாணம்

இதற்கு என் பதில் ஒரே வரி: வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் மூன்றிலும்தான் டிடெக்டர் அனுமதி. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் வர்ஜீனியாவின் டிக்கி விலக்குகூட இல்லை. வண்டியில் எடுத்துச் செல்வதே மீறல், அணைத்திருந்தாலும், பெட்டிக்குள் இருந்தாலும். நியாயமான காரணம் இருந்தால் போலீஸ் வாரண்ட் இல்லாமலே வண்டியைச் சோதிக்கலாம், கருவியைப் பறிமுதல் செய்யலாம். தீர்ப்பானால் அது திரும்பி வராது. அபராதம் 100 முதல் 1,000 டாலர் வரை. அங்கே பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும் என்பதை ஓட்டப்போகும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நெடுஞ்சாலையில் 150 கிலோமீட்டரைத் தொட்டால், அதாவது சுமார் 93 மைல், சாலையோரத்திலேயே வண்டியை 14 நாளுக்கு எடுத்துக்கொள்வார்கள், லைசென்ஸ் 30 நாள் முடங்கும். குழந்தைகளையும் கல்யாணப் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

அதற்கு முன் வர்ஜீனியா கோர்ட் தேதி இருக்கிறது. இரண்டு சம்மன்களிலும் தேதி ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள், சில சமயம் வேறு வேறாக இருக்கும். ஸ்பீடோமீட்டர் சோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். நாள் தள்ளிப்போனால், அன்று மீட்டர் எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாளின் மதிப்பும் குறையும்.